டயருக்கு எண்ணெய் முழுக்கு

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்தைந்துக்கு வரதராஜா நோபல் பார்க்கிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டார். பத்து இருபத்தெட்டுக்கு அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தினார்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் வீட்டு வாசல் படலையைத் தாண்டிவிட வேண்டும். தாண்டியபின் எவ்வளவு நேரம் எங்கே நின்றாலும் பயணத்தில் இருப்பதாகவே அர்த்தம். சாமானில் பாதி இன்னும் வீட்டில்தான் கிடந்தது. ஆகவே அவர் நடந்து திரும்பிப் போய், பின்கதவால் நுழைந்து, தண்ணீர்க் கானையும் தலையணைகளையும் மடக்குக் கதிரைகளையும் மூன்று நடையில் சுமந்து வந்தார். முன்வாசலால் போனால்தான் திரும்பிப் போனதாகக் கணக்கு. பின்கதவு கணக்கில் வராது. இதை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தேவை வந்த இடத்தில் தானாகவே தெரிந்துகொண்டார்.

அவருடைய மனைவி ரஞ்சினி காரின் முன்சீட்டில் அசையாமல் இருந்தார். காருக்குப் பின்னால் கொளுவிய வெள்ளைக் கரவான், சில்லு வைத்த சின்ன வீடு. அதன் இரண்டு சில்லிலும் நசுங்கி ஒட்டிய தேசிக்காயின் மிச்சம். கரவானுக்குள் ஆறு பெட்டிப் பலகாரம். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் ரஞ்சினியின் அண்ணன் இந்திரகுமாரின் ஒரே மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அரியதரம், முறுக்கு, பயத்தம் பணியாரம், சிப்பி என்று நான்கு நாள் அடுப்படியில் நின்று சுட்டவை. அவற்றோடு ஒரு மூட்டை அரிசி, மாவரைக்கும் மெஷின், சமைக்கிற பெரிய கிடாரம் இரண்டு. கரவானின் தண்ணீர்த் தாங்கியையும் வரதராஜா விளிம்பு மட்டும் நிரப்பியிருந்தார். சிட்னித் தண்ணீர் எப்படி இருக்குமோ, யார் கண்டது.

"இஞ்சாருங்கோ," என்றார் ரஞ்சினி, அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும். "சொன்னது ஞாபகம் இருக்குத்தானே?"

"ஓமப்பா."

"இந்த ஒருக்கால் வாறன். ஒழுங்காப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் பென்ஷன் எடுத்தாப் பிறகு ஊர் சுத்துறதைப் பற்றிக் கதைப்பம். வழியில ஏதும் கரைச்சல் எண்டால், அதுக்குப் பிறகு என்னைக் கேக்கப்படாது. ஒருநாளும் கேக்கப்படாது."

"கேக்க மாட்டன்."

ஏழு வருடக் கெஞ்சலுக்குக் கிடைத்த வரம் அது. வரதராஜா கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

அவர் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பார்ப்பவர். எண்பத்தி மூன்றுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மெல்பேர்ன் என்று அவர் செய்த பயணங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது, பத்திரம் இருந்தது, போய்ச் சேர்ந்ததும் காட்ட ஒரு விலாசம் இருந்தது. மெல்பேர்ன் வந்த முதல் வருடம், ஒரு பெற்றோல் நிலையத்தில், வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கரவானோடு நின்றதைக் கண்டார். அந்த அம்மா நிழலில் கதிரை போட்டுத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று வரதராஜா மரியாதைக்குக் கேட்டார். அந்த அம்மா யோசித்துவிட்டு, "இன்னும் தெரியாது" என்றார்.

எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒரு மனுஷி இவ்வளவு நிம்மதியாகத் தோடம்பழம் உரிக்க முடியுமா? அன்றைக்குப் பிடித்தது அவருக்கு ஒரு காய்ச்சல். பத்து வருடம் கழித்து ஒரு பழைய கரவானை வாங்கி வீட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தியபோதுதான் அந்தக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது.

வாங்கிய உடனே அதற்குப் புது டயரும் வாங்கினார். டன்டினோங் ஞாயிற்றுச் சந்தையில் ஒருவன் மூன்று டயரை அடுக்கி வைத்திருந்தான். எந்தக் கம்பெனி என்று வாசிக்க முடியாத ஒரு பெயர். ஆனால் காகித லேபல்கூடக் கழலவில்லை, ரப்பரில் முள்ளு முள்ளாக மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. வரதராஜா ஒவ்வொன்றையும் பலாப்பழம் பார்ப்பதுபோல விரல் மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மூன்றும் நல்ல சத்தம் சொல்லின. இரண்டைக் கரவானுக்குப் பூட்டினார், மூன்றாவது, அவசரத்துக்கு ஸ்பெயார்.

அதன்பின் ஏழு வருடம் கரவான் ஓடவில்லை. ரஞ்சினி ஏற மறுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், புது டயரை வீணாகத் தேய்ப்பானேன் என்பது. வரவேற்பறைக் கதிரைக்குப் பிளாஸ்டிக் உறை கழற்றாத வீடு அது. ஓடாவிட்டால் தேயாது, தேயாவிட்டால் புதிது. இந்தக் கணக்கில் அவருக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை.

அதோடு நின்றாரா? வெயிலில் நின்று டயர் நரைக்கத் தொடங்கியதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சனிக்கிழமை தோறும் ஒரு பழந்துணியும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு போய், இரண்டு டயருக்கும் பக்கமெல்லாம் பூசி, உள்ளே ஊறும்வரை தேய்த்தார். ஸ்பெயார் கரவானின் பின்பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியதால் அதற்குக் கவனிப்பு இன்னும் அதிகம். மூன்றும் குளித்து முழுகிய பிள்ளைகள்போல மினுங்கின.

"எனக்கு ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வைச்சு விட்டிருப்பியளா?" என்று குசினி யன்னலால் ரஞ்சினி கேட்பார்.

"நீர் வெயிலுக்கை நிக்கிறீரே?"

டன்டினோங்கில் டயர்க் கடை வைத்திருந்த ரஷீத் ஒருமுறை கண்டுவிட்டான். புத்தளத்துப் பிள்ளை, நாற்பதுக்குக் கிட்ட வயது, கோழிக்கறிக்கு ஆட்டுக்கறி என்று இரண்டு வீட்டுக்கும் பண்டமாற்றுப் பழக்கம் உண்டு. நோன்புப் பெருநாள் புரியாணியைக் கொடுக்க வந்தவன், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, ரப்பருக்கு எண்ணெய் ஆகாது."

"எள்ளெண்ணெய் ரஷீத். உடம்புக்கே குளிர்ச்சி."

"உடம்பு வேற அண்ணே, ரப்பர் வேற. ஊறி ஊறி உள்ளுக்கே இத்துப் போகும். அதோட டயர் ஓடாம நின்டாலும் கிழடாகிரும். கழட்டிப் போட்டுட்டு வேற போடுங்க. நம்மட கடையிலதான் வாங்கணும் எண்டு இல்ல."

அந்தக் கடைசி வசனத்தை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். வியாபாரத்துக்குத்தான் சொல்கிறான் என்று வரதராஜாவுக்கு உறுதியாகிவிட்டது. புரியாணியை வாங்கிக்கொண்டு புத்தியைத் திருப்பி அனுப்பினார்.

இனிப் பயணத்துக்கு வருவோம். சேமூர் தாண்டியது, வங்கரட்டா தாண்டியது, அல்பரியில் தேத்தண்ணி குடித்தார்கள். கரவான் கன்றுக்குட்டிபோலப் பின்னால் வந்தது. ரஞ்சினி முதல்முறையாக யன்னல் பக்கம் திரும்பி, "அங்க பாருங்கோ, எவ்வளவு செம்மறி," என்றார். வரதராஜா செம்மறியைப் பார்க்கவில்லை. ரஞ்சினியின் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் இப்படியே போனால் போதும், மிச்ச ஆயுள் நல்லபடி என்று நினைத்தார்.

ஹோல்ப்ரூக் ஊரைக் கடந்து பத்து நிமிடத்தில் பின்னால் சீனவெடிக் கட்டொன்று வெடித்த மாதிரிச் சத்தம். கரவான் ஒருமுறை இடப்பக்கம் இழுத்து, ஒருமுறை வலப்பக்கம் ஆடி, ஒருவழியாக ஓரத்தில் நின்றது. இறங்கிப் பார்த்தால் இடப்பக்க டயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தோரணம் தொங்கியது. பிய்ந்த ரப்பர் சில்லுக்கு மேலிருந்த தகரத்தைக் கிழித்து, உள்ளே அலுமாரிக்குக் கீழே ஒரு ஓட்டை போட்டிருந்தது. பலகாரப் பெட்டி தப்பியது. தண்ணீர்க் குழாய் தப்பவில்லை. மெல்பேர்ன் தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸ் புல்லுக்குப் பாய்ந்தது.

"ஆணி ஏதும் குத்தியிருக்கும்," என்றார் வரதராஜா.

ரஞ்சினி பலகாரப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார்.

ஸ்பெயாரைப் பூட்டினார். ஏழு வருடம் தனிக் கவனிப்பில் வளர்ந்த செல்லப்பிள்ளை அது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடியது. டார்கட்டாவுக்குச் சற்று முன்னால், ஆரவாரம் எதுவும் இல்லாமல், தோசைக் கல்லில் இருந்து தோசை கழலுகிற மாதிரி மேல்தோல் கழன்று ரோட்டில் சுருண்டு விழுந்தது.

"இதுவும் ஆணியோ?" என்று கேட்டார் ரஞ்சினி.

உதவிக்கு வந்த ஊர் மெக்கானிக் ஒரு நெட்டை மனிதர். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குந்தி இருந்து, கழன்ற தோலைத் தொட்டு, விரலை மணந்து பார்த்தார். தன் இருபத்தைந்து வருடத் தொழிலில் சீனச் சாப்பாட்டுக் கடை மணக்கிற டயரை இன்றுதான் கண்டதாகச் சொன்னார். பிறகு இன்னும் வெடிக்காமல் இருந்த வலப்பக்க டயரில் எழுத்துகளுக்கு நடுவே இருந்த சின்ன எண்ணைக் காட்டினார். அது டயர் பிறந்த வாரமும் வருடமும் என்றார். தொண்ணூற்றி ஓராம் ஆண்டு, பதினான்காம் வாரம்.

வரதராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பன்னிரண்டு வருடம். அதாவது அவர் சந்தையில் வாங்கும்போதே அதற்கு ஐந்து வயது. நாள் நட்சத்திரம் பார்த்து, ராகு காலம் தப்பிப் புறப்பட்ட மனிதர், காலுக்குக் கீழே இருந்த பிறந்த தேதியைப் பார்க்காமல் விட்டிருந்தார்.

அதோடு விட்டாரா மெக்கானிக்? இது சாதாரண காருக்குப் போடுகிற டயர், இவ்வளவு பாரம் இழுக்கிற கரவானுக்கு இது தாங்காது என்றார். உள்ளே என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்றும் கேட்டார். வரதராஜா அரிசி மூட்டை மட்டும் சொன்னார். கிடாரத்தையும் மெஷினையும் ரஞ்சினி சொன்னார்.

சரியான டயர் திங்கட்கிழமைதான் வரும். கரவானை மெக்கானிக்கின் முற்றத்தில் விட்டுவிட்டு, பலகாரப் பெட்டிகளைக் காரின் டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்கி, மிஞ்சிய ஒன்றை ரஞ்சினி மடியில் வைத்துக்கொண்டு குவேக்கர்ஸ் ஹில் வரை போனார்கள். ஐந்து மணி நேரத்தில் ரஞ்சினி பேசியது இரண்டு வசனம். ஒன்று, "ஏசியைக் கூட்டுங்கோ, பணியாரம் இளகும்." மற்றது, "நாப்பத்தைஞ்சு கிலோமீட்டர்."

கல்யாண வீட்டில் இந்திரகுமார் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "எங்கை மச்சான் உம்மடை மாளிகை?"

"ஒரு சின்ன வேலை இருந்தது, வழியில விட்டிட்டு வந்தனாங்கள்," என்று வரதராஜாவுக்கு முந்தி ரஞ்சினி சொன்னார். அந்த மூன்று நாளும் கேட்ட எல்லாருக்கும் அதே பதில்தான். ஒரு சொல் கூடுதலாக அவர் வாயிலிருந்து வரவில்லை. அதைக் கேட்கக் கேட்க வரதராஜாவுக்கு நம்பிக்கை வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டார்கட்டாவில் கரவான் இரண்டு புது டயரோடும் ஒரு புது ஸ்பெயாரோடும் நின்றது. வரதராஜா கொளுவியை மாட்டி, விளக்கைச் சோதித்து, "சரி, ஏறும்," என்று திரும்பினார். ரஞ்சினி கைப்பையோடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மெல்பேர்ன் போகிற பஸ் ஒன்று தேத்தண்ணிக்காக அங்கே நின்றிருந்தது.

"நான் பஸ்ஸில வாறன்."

"ரஞ்சினி, டயர் புதுசு."

"அப்பவும் புதுசு எண்டுதான் சொன்னனீங்கள்."

வரதராஜா மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் மெல்ல வந்துகொண்டிருந்தபோது, வொடோங்கா கடந்த ஒரு ஏற்றத்தில் அந்த பஸ் அவரை முந்திப் போனது. நான்காவது யன்னலில் ரஞ்சினி. நேரே முன்னால் பார்த்தபடி, சாமி ஊர்வலம் போகிற மாதிரிப் போனார். வரதராஜா ஹோர்ன் அடிக்கலாமா என்று யோசித்து, மரியாதையாக இராது என்று விட்டுவிட்டார். வீடு வந்தபோது சோறு ஆக்கி மூடி வைத்திருந்தது.

அந்த இரவிலிருந்து கிட்டத்தட்ட ஆறு வருடம் அவர் கேட்கவில்லை. சொல் கொடுத்தால் கொடுத்ததுதான். ஆனால் கேட்காமல் இருப்பதற்கும் விடாமல் இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. அந்த இடத்தை அவர் முழுவதும் டயரால் நிரப்பினார்.

மறு சனிக்கிழமையே ரஷீத்தின் கடைக்குப் போய், "நீ சொன்னது சரி," என்றார். ரஷீத் பெருந்தன்மையாகச் சிரிக்காமல் விடவில்லை, நன்றாகவே சிரித்தான். "சீனக் கடை மணம் அடிச்சதாம் எண்டு ரஞ்சினி அக்கா அன்டைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா," என்றான். இந்திரகுமார் வீட்டில் காத்த வாயை ரஞ்சினி நோபல் பார்க்கில் காக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் வரதராஜா காலையில் டயர் சூடேறுமுன் காற்று அளந்தார். கரவானைப் பாரம் நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தார். நிற்கும் நாளில் டயருக்குத் துணி போர்த்தினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை அடி முன்னுக்கு உருட்டி, ஒரே இடத்தில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டார். ஆறு வருடம் ஆனால், மினுமினுப்பு எப்படி இருந்தாலும், கழற்றுவது என்று குசினிக் கலண்டரில் வட்டம் போட்டார். இவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் ரஞ்சினிக்குச் சொன்னார். ரஞ்சினி கேட்டாரா இல்லையா என்று தெரியாது. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்பதுதான் வழக்கமான பதில்.

வீட்டோடு நிற்கவில்லை வியாதி. கரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனால் பூசை தொடங்குமுன் கார் நிற்கும் இடத்தில் வரிசையாகக் குந்திக் குந்தி எல்லார் டயரிலும் எண் வாசிப்பார். ஒருநாள் யோகா என்கிற ஆசிரியை, செருப்பைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்து அவரோடு சேர்ந்து பத்து நிமிடம் தேடினார். கடைசியில், "பிள்ளை, உம்மடை முன்டயருக்கு ஒன்பது வயது," என்று கேட்டபோது அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் டயர் மாற்றிவிட்டார். பிறகு சனம் வரதராஜாவின் காரைக் கண்டால் தள்ளி நிறுத்தப் பழகியது.

இரண்டாயிரத்தி எட்டில் பென்ஷன் எடுத்தார். கரவானோடு தனியாக லேக்ஸ் என்ட்ரன்ஸ் போனார். கடலோரத்தில் இரண்டு கதிரை விரித்தார். ஒன்றில் அவர் இருந்தார், மற்றதில் பத்திரிகையை வைத்தார். தோடம்பழம் உரித்துப் பார்த்தார். தனியாக உரிக்கையில் அது வெறும் தோடம்பழமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் திரும்பிவிட்டார்.

"என்ன, கெதியா வந்திட்டியள்?"

"காற்றுக் கூடிப்போச்சு."

"டயருக்கோ?"

"கடலில."

இரண்டாயிரத்தி ஒன்பது ஏப்ரலில் ரஞ்சினி சிட்னிக்குப் பறந்தார். கல்யாணம் முடித்த அந்த அண்ணன் மகளுக்கு இரண்டாவது குழந்தை, முப்பத்தோராம் நாள் சடங்கு. சடங்கு முடிந்த கையோடு போன் வந்தது.

"அண்ணை கரவான் வாங்கியிருக்கிறார். ரீவி, ஏசி எல்லாம் இருக்கு."

"புதுசோ?"

"ஆரோ ஒரு கிழவன் கராஜுக்கை பூட்டி வைச்சிருந்ததாம். ஓடவே இல்லையாம். வெள்ளிக்கிழமை போர்ட் மக்குவாரி போகினம். என்னையும் வரச் சொல்லி நிக்கினம். அண்ணி ஒற்றைக்காலிலை நிக்கிறா."

வரதராஜா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். ஆறு வருடம் வாயைக் கட்டி வைத்திருந்தவர். தன் கரவானில் ஏறாத ரஞ்சினி இன்னொருவரின் கரவானில் ஏறப் போகிறார் என்றால், பிழை கரவானில் இல்லை, தன்னில்தான் என்று ஆகிவிடும்.

"போயிட்டு வாருமன்," என்றார். "நல்ல இடமாம்."

வெள்ளி காலை அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. குசினியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாற்பதுக்கு மேசையில் போன் அதிர்ந்தது. ரஞ்சினியிடமிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழ்:

'அண்ணையின்ரை டயரில 2301 எண்டு இருக்கு. 23ஆம் கிழமை, 2001ஆம் வருசம். சரியோ?'

அவர் வாசித்து முடிப்பதற்குள் இன்னொன்று: 'பக்கத்தில சின்ன வெடிப்பும் இருக்கு. நகத்தால சுரண்டிப் பாத்தனான். பாரத்தின்ரை நம்பரும் பாத்தன், அது இந்தக் கரவானுக்குக் காணாது. எல்லாரும் சூட்கேசோட காருக்கை இருந்து என்னைப் பாக்கினம்.'

வரதராஜா எழுந்து நின்றார். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தி, 'ஏற வேண்டாம்' என்று அனுப்பினார். அனுப்பியபின், கேட்கப்படாது என்ற சொல்லை மீறிவிட்டோமோ என்று ஒரு கணம் பயந்து, இது கேட்டது இல்லை, சொன்னதுதான் என்று சமாதானம் ஆனார்.

முக்கால் மணி நேரம் போன் பேசவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு வந்தது கடைசிச் செய்தி:

'ஏறேல்லை. அண்ணை கோவம், அண்ணி பாதிக் கோவம். ரெண்டு பேரும் டயர்க் கடைக்குப் போயிட்டினம், செவ்வாய்க்கிழமைதான் கிடைக்குமாம். எனக்கு இஞ்ச இனி வேலை இல்லை. பிளேன் டிக்கெட்டைக் கான்சல் பண்ணிட்டன். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. வெறுங் காரோட வர வேண்டாம். வரேக்கை தனிய ஓடுறீங்கள், தொண்ணூறுக்கு மேல போகாதேங்கோ. திரும்பி வர எத்தினை நாளாகும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.'